பாய்க்குள் மூன்று துவக்குகள்

1

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்து வந்து, அரிசியை உலையில் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதால் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது.

அந்தத் தொலைபேசிக்கு இப்போது விளம்பரக்காரர்கள் எடுப்பார்கள். கனடாவில் இருக்கும் என் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பா. அன்று எடுத்தது ஒரு ஆண் குரல். மிகவும் மரியாதையான குரல். சுவிஸ் ஜெர்மனில் கதைத்தார். எனக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான்: பொலிஸ், உங்கள் மகள், துவக்குகள், நாளை காலை பத்து மணி. மிச்சமெல்லாம் வேகமாக ஓடிவிட்டது. விளங்காத இடத்தில் "யா, யா" என்று சொல்லும் பழக்கம் இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமையே என்னில் ஒட்டிக்கொண்டது. இருபத்தைந்து வருசமாகியும் விடவில்லை. அன்றும் சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. மணம் வந்த பிறகுதான் இறக்கினேன்.

இது நடந்து மூன்று கிழமையாகிறது. இப்போதும் தொலைபேசி அடித்தால் கை முதலில் அடுப்பை நிற்பாட்டப் போகிறது. பொலிஸ் என்ற சொல்லுக்கு உடம்பு எப்படி நடுங்கும் என்று ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் மகளின் அறைக்குள் துவக்குகள் எப்படி வந்தன என்பதைத்தான் விளக்க வேண்டும்.

2

சாருகாவுக்கு இருபத்திமூன்று வயது. இங்கேயே பிறந்தவள். இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எங்கள் ஒரே பிள்ளை. அவள் பழைய இராணுவத் துவக்குகள் சேர்க்கிறாள்.

இந்த வசனத்தை எழுதிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

இந்த நாட்டு இராணுவம் ஒரு காலத்தில் தன் ஆட்களுக்குக் கொடுத்து, புதியது வந்தவுடன் கழித்துவிட்ட துவக்குகள் அவை. கரபினர் 31 என்பது அதில் பேர்போனது. கைப்பிடியைத் திருப்பத் தேவையில்லை, நேரே பின்னுக்கு இழுத்தால் போதும் என்பது அதன் பெருமையாம். வயதானவர்கள் இறந்து, பிள்ளைகள் வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கும்போது பழைய பனிச்சறுக்குக் கட்டைகளோடு இவையும் வெளியே வரும். ஒரு நல்ல குளிர்கால அங்கியின் விலைக்குள் வாங்கலாம். சுவிஸ் குடியுரிமையும், குற்றப்பதிவு இல்லை என்ற கடிதமும் இருந்தால், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு ஒப்பந்தத்தாளில் கையெழுத்து வைத்து, பிரதியைக் கன்டோன் பொலிஸுக்கு, அதாவது மாநிலப் பொலிஸுக்கு, அனுப்பினால் சரி. என்னுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்க நான் நிரப்புகிற படிவம் அதைவிட நீளம்.

தொடக்கி வைத்தது நான்தான். பதினைந்து வயதில் பள்ளித்தோழியோடு சேர்ந்து ஒரு படிவம் கொண்டு வந்தாள். "யுங்ஷூட்சன்" வகுப்பு என்று இருந்தது. ஷூட்சன் என்றால் பாதுகாத்தல் என்று நான் ஜெர்மன் வகுப்பில் படித்திருந்தேன். இளம்பிள்ளைகளைப் பாதுகாக்கிற ஏதோ ஒன்று, முதலுதவி போல, என்று சந்தோசமாகக் கையெழுத்து வைத்தேன். சில சனிக்கிழமைகள் போன பிறகுதான் ஷூட்சன் என்றால் சுடுகிறவர்கள் என்றும் வரும், அது இளையவர்களுக்குச் சூடு பழக்குகிற வகுப்பு என்று தெரிந்தது. அதற்குள் அவள் சனிக்கிழமை நடன வகுப்பை விட்டுவிட்டாள்.

"பாட்டுக்கு ஆடேக்க எல்லாரும் என்னைப் பாப்பினம். அங்க நான் மட்டும்தான் பாக்கிறன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு புள்ளியை" என்றாள். இது பிள்ளைக்கு வயதுக்கோளாறு, போய்விடும் என்று இருந்தேன். போகவில்லை.

நாங்கள் இருக்கிற இந்த ஓல்டன் நகரத்துக்கு நான் வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை ரயில் நிலையத்தில் இறங்கினால் மேடை முழுவதும் சீருடைப் பெடியள். தோளில் துவக்கு. இராணுவப் பயிற்சியில் இருந்து கிழமை முடிவுக்கு வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டான். நான் இனிப்பு விற்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று, வயிற்றில் இருந்த பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைதான் இவள்.

முதல் துவக்கைக் கொண்டுவந்த அன்று நான் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் என்னைக் கூப்பிட்டு, துவக்கின் அடிப்பிடியில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே மரத்தில் மடித்து வைத்த ஒரு சிறு கடதாசி. பழுப்பாகிவிட்டது. அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர்.

"பாத்தீங்களோ. இதுக்குத்தான் வாங்கிறனான். இவர் லாங்கென்தாலில மா ஆலையில இருந்தவர். மகளோட போனில கதைச்சனான். ஒருத்தரையும் ஒருநாளும் சுடேல்லையாம். ஞாயிற்றுக்கிழமையில தாளைத்தான் சுட்டவராம்."

நான் அந்தக் கடதாசியைக் கனநேரம் பார்த்தேன். துவக்கோடு சம்பந்தப்பட்ட ஆட்களின் பெயரை நாங்கள் ஒளித்துத்தான் பழக்கம். ஒருவரும் எழுதி உள்ளே வைத்ததில்லை. அவளுக்கு இதை எப்படிச் சொல்வது? "நல்லது, பூட்டி வை" என்றேன்.

பூட்டித்தான் வைத்தாள். இரும்பு அலுமாரி. சுடும் பொறியை மூன்றிலும் கழற்றி வேறாக ஒரு பெட்டியில், வேறு பூட்டு.

3

இனி நான் செய்தது.

எங்கள் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு என்று காதில் விழுந்தால் வீட்டைத் துப்புரவாக்குவோம். கூட்டுகிற துப்புரவு இல்லை. இருக்கக் கூடாத சாமானை இல்லாமல் செய்கிற துப்புரவு. டோர்ச் பற்றரி, அட்லஸில் கிழிந்த வரைபடம், யாரோ எழுதிய கடிதம். எது குற்றம் என்று நிச்சயமாகத் தெரியாததால் எல்லாமே குற்றம். அந்த வேலையில் எனக்குக் கை வேகம்.

தொலைபேசியை வைத்த கை அந்த வேலையைத்தான் தொடங்கியது. மகளுக்கு அழைத்தேன். வேலை நேரத்தில் அவளுடைய போன் உடுப்பு மாற்றும் அறையில் பூட்டிக் கிடக்கும். தெரிந்தும் ஏழுதரம் அழைத்தேன்.

இரும்பு அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கிறது என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அவள் விட்ட நடனத்தின் சலங்கைகள் ஒரு துணிப்பையில் அவளுடைய உடுப்பு அலுமாரித் தட்டின் ஆக உள்ளே கிடக்கின்றன. நான் இடைக்கிடை அதை எடுத்து, துடைத்து, திரும்ப வைப்பேன். ஒருநாள் திரும்ப ஆடுவாள் என்று ஒரு நினைப்பு. சலங்கைக்குள் திறப்பு கிடந்ததைக் கண்டு ஆறு மாதம். அவள் நான் தொடவே மாட்டேன் என்று நினைத்த இடத்தை நான்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

திறந்தேன். மூன்றையும் எடுத்தேன். நினைத்ததைவிடப் பாரம். கையில் எண்ணெய் பட்டது. சாமியறையில் சுற்றி வைத்திருந்த பாயை விரித்து, மூன்றையும் படுக்க வைத்துச் சுற்றினேன். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதில் ஒன்று பழைய நீளத் துவக்கு. நிலவறையில் பயற்றங்கொடிக்கு ஊன்றுகிற கம்புகள் கிடந்தன. அவற்றையும் சேர்த்துச் சுற்றி, முனைக்கு ஒரு தலையணை உறை போட்டு, கயிறு கட்டி, சாமான் இழுக்கிற சில்லு வண்டியில் ஏற்றினேன். பார்க்கிறவர்களுக்குத் தோட்டத்துக் கம்பு.

ஆரே ஆற்றுப் பக்கம், நடந்தால் இருபது நிமிடத்தில், எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டத் துண்டு உண்டு. வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். தோட்டத்துப் பலகைக் கொட்டிலுக்குள் பசளைப் பைக்குப் பின்னால் பாயை வைத்தேன். கொட்டிலுக்குப் பூட்டு இல்லை, கொளுக்கிதான். பக்கத்துத் துண்டில் ஹெர் மோசர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், எண்பதுக்குக் கிட்ட. என் பாயைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து, வெறும் அலுமாரியின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அன்று முதல் தடவையாக மூச்சு நேராக வந்தது.

4

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அவள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறைக்குப் போனாள்.  பிறகு மெல்லிய குரல்.

"அம்மா, என்ர அலுமாரி திறந்து கிடக்கு."

"ஓம், துடைச்சனான்."

"சாமான் எங்க?"

"பயப்பிடாதை பிள்ளை. வீட்டில ஒண்டும் இல்லை. நாளைக்குப் பொலிஸ் வந்து வடிவாப் பாக்கட்டும்."

அவள் கட்டிலில் இருந்துவிட்டாள். போனை எடுத்து எனக்கு நீட்டினாள். மத்தியானமே அவளுக்கு ஈமெயில் வந்திருக்கிறது. கடைசியாக வாங்கிய துவக்கின் ஒப்பந்தத்தாளில் ஒரு இலக்கம் தெளிவாக இல்லையாம். அந்த அதிகாரிக்கு ஓல்டனில் வேறு வேலை இருக்கிறதாம், வரும்போது எட்டிப் பார்த்து இலக்கத்தை எழுதிக்கொண்டு போகிறாராம்.

"அப்ப சும்மாவோ வாறார்?"

"சும்மாதான் வரவிருந்தவர். இப்ப வந்து திறந்தால் அலுமாரிக்குள்ள காத்து."

அந்த நிமிடத்தில் எனக்கு ஊரில் எங்கள் கொக்குவில் வீட்டுச் சுவர் கண்ணில் வந்தது. தம்பி பள்ளிக்கூடக் கடேற் அணியில் மரத் துவக்கோடு நின்ற படம் ஒன்று அந்தச் சுவரில் தொங்கியது. சுற்றிவளைப்பன்று அம்மா அதைச் சட்டத்தோடு அடுப்பில் வைத்தா. வந்த சிப்பாய் வீடு முழுக்கத் தேடி ஒன்றும் காணாமல், போகிற நேரம் சுவரைப் பார்த்தான். "ஆணி இருக்கு. படம் எங்க?" என்று கேட்டான். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். இடது காது இன்றுவரை கேட்காது.

அதே வேலையை நான் திரும்பச் செய்திருக்கிறேன் என்று விளங்க எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

"சரி, போய் எடுத்துக்கொண்டு வந்து வைப்பம்" என்று எழும்பினேன்.

"நீங்கள் தொடக் கூடாது."

"ஏன், நான் பிடிச்சால் வெடிச்சிடுமோ?"

"உங்கட பாஸ்போர்ட் எந்த நாடு அம்மா?"

"உனக்குத் தெரியாததோ?"

அவள் போனில் சட்டத்தை எடுத்து வாசித்தாள். சில நாட்டுக் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்க, வைத்திருக்க, கொண்டு திரியக் கூடாது. அந்தப் பட்டியலில் எங்கள் இலங்கையும் இருக்கிறது. நான் இங்கே வரி கட்டலாம், முதியோரைக் குளிப்பாட்டலாம், நிரந்தர வதிவிடமும் உண்டு. குடியுரிமைக்குத் தேவையான ஜெர்மன் பரீட்சையில் ஒருக்கால் தவறி, பிறகு நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். சாருகா பள்ளிக்கூடக் காலத்திலேயே தனியாக விண்ணப்பித்து எடுத்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே சோறு, அலுமாரிக்கு மட்டும் அவள் ஒரு நாடு, நான் ஒரு நாடு.

"நான் பக்கத்தில நிண்டு உங்களுக்குக் காட்டினால் ஒரு கதை. நீங்கள் மூண்டையும் பாயில சுத்தி ஊர்வலம் போனது வேற கதை."

"எனக்கு என்ன செய்வினம்?"

"உங்களுக்கு என்னவோ தெரியாது. எனக்குத் தெரியும். ஒருத்தரும் எடுக்க ஏலாத மாதிரி வைக்கிறது என்ர பொறுப்பு. ஆரும் எடுத்தால் நான் வைச்ச விதம் பிழை. துவக்கு மூண்டும் போகும், எனக்குத் தடை வரும், பேரில பதிவு விழும். இலையுதிர்காலத்தில இருந்து யுங்ஷூட்சன் வகுப்பை என்னை நடத்தச் சொல்லிக் கேட்டவை. அதுவும் போச்சு."

வகுப்பு நடத்தக் கேட்ட கதையை அவள் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் என் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்திருக்கும்.

5

தோட்டத்துக்குப் போகும்போது வெயில் நன்றாக இருந்தது. யூன் மாதத்தில் இங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம். தூரத்திலேயே கண்டுவிட்டேன். எங்கள் கொட்டில் கதவில் ஒரு புதுப் பூட்டு. அதற்கு முன்னால் தன்னுடைய மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு ஹெர் மோசர் இருந்தார். கையில் பத்திரிகை. நான் பாதையில் நின்றுவிட்டேன்.

சாருகாதான் போய்க் கை கொடுத்தாள். அவர் எழும்பவில்லை.

"பயற்றங்கம்பு மே மாதம் ஊன்றுவது. யூன் கடைசியில் யார் கம்பு கொண்டு வருவார்கள்?" என்றார். "அதுவும் உன் அம்மா ஏற்கெனவே ஊன்றிவிட்டா. நான் எண்ணினேன், பன்னிரண்டு."

அவர் சந்தேகப்பட்டது என் பாயை இல்லை, என் கம்புகளை. நான் போனபிறகு கொளுக்கியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். தலையணை உறை நழுவியிருக்கிறது.

"இரண்டு முப்பத்தொன்று, நீளமானது பதினொன்று. பதினொன்று என் அப்பாவிடம் இருந்தது. ஈரமான பசளைக்குப் பக்கத்தில் அதை வைக்கிறதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "யா" என்றேன். பிறகு "நைன்", இல்லை என்றேன்.

"நாலரை மணியில் இருந்து இதில் இருக்கிறேன். பூட்டு என்னுடையது. சின்னப்பிள்ளைகள் ஓடித் திரிகிற இடம்."

சாருகா நன்றி சொன்னாள். எது எப்படி நடந்தது என்று தன் மொழியில் வேகமாகச் சொன்னாள். நாளை பொலிஸ் வருவதையும் சொன்னாள். அவர் பத்திரிகையை நாலாக மடித்தார்.

"அப்படியென்றால் நாளைக்கு அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் ஒருவருக்கும் அழைக்கவில்லை. அழைக்க மாட்டேன். ஆனால் இதைச் சொல்லத்தான் வேண்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. குப்பையை எந்த நாளில் வைப்பது என்று சொல்கிற குரலில் சொன்னார். திறப்பை எடுத்து அவளிடம்தான் கொடுத்தார். துவக்குகளை அவளே அதற்குரிய பைகளில் போட்டுத் தூக்கினாள். நான் வெறும் பாயை மட்டும் இழுத்துக்கொண்டு பத்து அடி தள்ளி நடந்தேன். பக்கத்தில் வரலாம் என்றாள். நான் போகவில்லை.

6

என் கணவர் சரக்குக் கிடங்கில் வேலை முடிந்து வந்து, கை கழுவி, கோப்பையில் சோறு போட்ட பிறகுதான் சொன்னோம். அடிப்பிடித்த சோறுதான். அவர் கவனிக்கவில்லை.

"மூண்டும் இப்ப உள்ளதானே இருக்கு?" என்றார்.

"இருக்கு."

"அப்ப என்ன? அவர் வருவார், நம்பரைப் பாப்பார், கோப்பி குடிப்பார், போவார். வாயைத் திறக்காதேங்கோ."

"ஹெர் மோசருக்குத் தெரியும் அப்பா."

"அவர் சொல்ல மாட்டன் எண்டு தானே சொன்னவராம்."

"அவர் சொல்லாட்டில் நடக்காததோ?"

"இஞ்ச பார். எங்கட அப்பு ஆத்தை செய்த பிழையெல்லாத்தையும் போய்ப் பொலிஸில சொல்லியிருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு நான் சொல்லுறன். நானே தோட்டத்துக்குக் கொண்டுபோனன், பூட்டில்லாத கொட்டிலில வைச்சது என்ர பிழை எண்டு. எனக்குக் கொண்டு திரிய உரிமை இருக்கு. அம்மான்ர பேர் வராது."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அது நல்லது" என்றார் மெதுவாக. "நீ சிற்றிசன். உனக்கு ஒரு கடிதத்தோட போகும். கொம்மா எண்டால் ஆருக்குத் தெரியும், அனுமதியிலயே கைவைச்சாலும் வைப்பாங்கள்."

"இஞ்சருங்கோ" என்றேன் நான். அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். "அவளின்ர வகுப்பு என்னாகிறது?"

"உனக்குத்தானே அந்த வகுப்பு பிடிக்காது."

அது உண்மை. எட்டு வருசமாக அந்த வகுப்பு எப்படியாவது நின்றால் காணும் என்று நான் நேர்ந்திராத கோயில் இல்லை. இப்போது நிற்கப் போகிறது, அதுவும் என் கையால். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், போனால் போகட்டுமே என்று மனம் சொன்னது. அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு அவள் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனாள். இயந்திர எண்ணெய் ஏறிய விரல்கள், நகமெல்லாம் கறுப்பு. என் பெயருக்கு ஒன்றும் வரக்கூடாது என்று அந்தக் கையால் பொய் எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறாள். பொய் சொல்ல நாங்கள் அவளைப் பழக்கவில்லை. பழக்காமல் வளர்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

காலையில் பல் விளக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று ஜெர்மன் வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். வினைச்சொல் கடைசியில் வர வேண்டும். அதில்தான் நான் பரீட்சையில் தவறினது.

7

பத்து மணிக்கு அவர் வரவில்லை. இந்த நாட்டில் பத்து மணி என்றால் பத்து மணி. பத்து ஐந்துக்கு என் கணவர், விடுப்பு எடுத்து நின்றவர், யன்னலுக்குப் போனார். பத்து பத்துக்கு, "ரெண்டு மூண்டு பேராக் கூட்டிக்கொண்டு வாறாங்கள் போல" என்றார். "அப்பா, இருங்கோ" என்றாள் சாருகா. நான் கோப்பியை இரண்டாம் தரம் ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

பத்து இருபத்தைந்துக்கு மணி அடித்தது. ஒரே ஒருவர். சீருடை இல்லை, நீலச் சேர்ட். முப்பத்தைந்து வயது இருக்கும். ரயில் பாதைக் கடவை மூடிக் கிடந்ததாம், மன்னிப்புக் கேட்டார். பெயரைச் சொன்னார். சொன்ன கையோடு, நாங்கள் கேட்காமலே, எழுத்துக்கூட்டியும் சொன்னார். நாங்களும் அப்படித்தான் சொல்வோம், ஒவ்வொரு கந்தோரிலும். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

சாருகா வாயைத் திறந்தாள். "ஒரு விசயம் சொல்ல வேண்டும். நேற்று நான்..."

"நான்" என்றேன். "நான் எடுத்தேன்."

அவர் ஒரு சப்பாத்தோடு நிமிர்ந்தார். சாருகா தமிழில், "அம்மா, சும்மா இருங்கோ" என்றாள். என் கணவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வசனம் மறந்துவிடும்.

"மகள் பூட்டித்தான் வைத்தாள். திறப்பு எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. ஒளித்து வைத்தாள். நான் தேடாமல் கண்டுபிடித்தேன். நேற்று உங்கள் தொலைபேசி எனக்கு விளங்கவில்லை. பயந்து மூன்றையும் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பூட்டு இல்லை. நான் இலங்கைக் கடவுச்சீட்டு. எனக்குக் கூடாது என்று நேற்றுத்தான் தெரியும். அவள் வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம்."

வினைச்சொற்கள் எங்கெங்கே விழுந்தன என்று எனக்குத் தெரியாது.

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி, இரண்டையும் சுவரோரம் நேராக வைத்தார். குசினி மேசையில் வந்து இருந்தார். சாருகாவிடம் அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னார். போனார், பார்த்தார், தான் தேடி வந்த இலக்கத்தை எழுதினார். சுடும் பொறி வேறாகப் பூட்டியிருப்பதையும் பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு தாளை எடுத்து என்னிடம் கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு, எந்த வழி, யார் கண்டது. விளங்காத இடத்தில் "விளங்கவில்லை" என்றேன். அவர் திரும்ப, மெதுவாக, பள்ளிக்கூட ஜெர்மனில் கேட்டார். கால் மணித்தியாலம் எழுதினார். கோப்பி ஆறிவிட்டது. என் கணவர் கதவடியிலேயே நின்றார். சாருகா என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுடைய விரல் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் பேனையை மூடினார்.

"இதை நான் மேலே அனுப்பத்தான் வேண்டும்" என்றார். "உங்களுக்கு ஒரு கடிதம் வரும். அநேகமாகத் தண்டப்பணம். என்னால் வாக்குறுதி தர முடியாது. அதுவரை துவக்குகளைச் சூட்டுக் கழகத்தின் பூட்டு அறையில் வைத்துவிடுங்கள். மகள் ஒழுங்காகப் பூட்டி ஒளித்து வைத்திருந்தாள், தாயார் தானாகவே சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கும்."

ஆறின கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு தாளைப் பையில் வைத்துக்கொண்டு, சாருகாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாங்கள் கொசோவோவில் இருந்து வந்தவர்கள். என் அம்மாவும் அதே பட்டியலில்தான். அவவாக இருந்தால் மூன்றையும் ஆரே ஆற்றுக்குள் எறிந்துவிட்டு வந்து, எனக்குச் சாப்பாடு போட்டிருப்பா. செத்தாலும் சொல்லியிருக்க மாட்டா."